மலைநாட்டில் ஒரு பழைய ஜீப்



பழைய மோட்டார் வண்டியொன்றை வீட்டில் வைத்துச் செப்பனிட்டுப் பேணுவது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்று பலரும் கருதுகின்றனர். ஏப்பிரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு வந்து போகும் பளபளப்பான பழங்கார்களைக் கண்டவர்களுக்கு அவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயினும், நமது தேயிலை மலைகளில் செல்வத்தோடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு பழைய வண்டி உண்டு. கொழுந்துச் சாக்கைச் சுமந்தும், உர மூட்டையைச் சுமந்தும், நோயாளியைச் சுமந்தும் உழைத்த வண்டி அது. அமெரிக்காவிலே பிறந்து, போர்க்களத்துக்கென அமைந்து, நம் தோட்டப் பாதைகளில் தன் ஆயுளைக் கழித்த வில்லீஸ் ஜீப்பையே குறிப்பிடுகிறேன். அதனை வீட்டில் வைத்துப் பேணும் முறை பற்றியும், அதனால் நாம் எதனைக் காப்பாற்றுகிறோம் என்பது பற்றியும் இன்று சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன்.

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சிறிது அறிந்து கொள்வோம். 1940ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம், சிறியதும் உறுதியானதும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவதுமான ஒரு வண்டியைச் செய்து தருமாறு 135 உற்பத்தியாளர்களைக் கேட்டது. மறுமொழி கூறியவர்கள் இருவரே. ஒன்று பான்ரம் என்னும் சிறு நிறுவனம்; மற்றொன்று ஒஹாயோ மாநிலத்தின் ரொலிடோ நகரிலிருந்த வில்லீஸ் ஓவர்லாண்ட் நிறுவனம். மாதிரி வண்டியை 49 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியலாளர் பான்ரம் நிறுவனத்துக்காக அதனை வரைந்தார். செப்ரெம்பர் 23ஆம் நாள், குறித்த தவணைக்குள்ளேயே, வண்டி ஒப்படைக்கப்பட்டது. எனினும் பான்ரம் சிறு நிறுவனமாதலால் பெருந்தொகையில் உற்பத்தி செய்யும் பொறுப்பு வில்லீசுக்கும் போர்ட் நிறுவனத்துக்கும் சென்றது. வில்லீசின் பொறியியலாளர் பார்னி றூஸ் செம்மைப்படுத்திய எஞ்சின் 60 குதிரைவலு தந்தது. அதுவே இவ்வண்டியின் உயிராயிற்று. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன.

அக்காலத்தில் இலங்கை போரின் ஓரத்தில் நின்ற நாடன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944ஆம் ஆண்டு மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றினார். நேச நாட்டுப் படைகளோடு ஜீப்புகளும் மலைநாட்டின் வாயிலுக்கு வந்து சேர்ந்தன. போர் முடிந்த பின்னர் இராணுவத்துக்கு வேண்டாத வண்டிகள் உலகின் பல பாகங்களிலும் ஏலத்துக்கு விடப்பட்டன. 1945ஆம் ஆண்டு முதல் வில்லீஸ் நிறுவனமே குடிமக்களுக்கான ஜீப்பையும் செய்யத் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாயில் மகீந்திரா நிறுவனம் வில்லீஸ் பாகங்களை இணைத்து வண்டி செய்யும் தொழிலை ஆரம்பித்தது. இவ்வாறு பல வழிகளில் வந்த ஜீப்புகள், செங்குத்தான சரிவும் சேறும் நிறைந்த நம் தோட்டங்களுக்கு ஏற்ற வண்டிகளாக அமைந்தன.

தோட்டத்திலே வண்டியில் ஏறிச் சென்றவர் துரை. அதனை ஓட்டியவரும், கழுவியவரும், பழுது பார்த்தவரும் பெரும்பாலும் நம்மவர்களே. தேயிலைத் தொழிற்சாலையை நம் மக்கள் 'ஸ்டோர்' என்பர். ஸ்டோரின் பக்கத்திலே ஒரு பட்டறை இருக்கும். கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் அச்சு தேய்ந்தாலும், உலர்த்தும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்தாலும், துரையின் ஜீப் நின்றுவிட்டாலும், அனைத்துக்கும் மருந்து அப்பட்டறையிலேயே கிடைத்தது. அங்கு நின்ற பிட்டர்களுள் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஆயினும் ஓர் இரும்புத் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, மயிரிழை பிசகாமல் அச்சாணியாக்கித் தரும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. தாம் உயிர்ப்பித்த வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

பின்னர் வந்த காலம் அவர்களின் ஆற்றலை மேலும் சோதித்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதிக்கும் உதிரிப்பாகங்களின் இறக்குமதிக்கும் கடுங்கட்டுப்பாடு ஏற்பட்டது. 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அந்நிலை பெரும்பாலும் நீடித்தது. இருக்கும் வண்டியை எவ்வாறேனும் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் நாட்டையே ஒரு பெரிய பட்டறையாக்கிற்று. அதே காலத்தில் மலைநாட்டுக்கு மற்றுமொரு இழப்பும் நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களில் கொழுந்து பறித்தவர்களோடு ஓட்டுநர்களும் பிட்டர்களும் இருந்தனர். அவர்கள் கையோடு அவர்களது தொழிலறிவும் கடல் கடந்தது. எழுதி வைக்கப்படாத அறிவு அது. அதன் பெறுமதியை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டவில்லை.

இனி என் வீட்டு ஜீப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தின் பழைய வண்டிச்சாலையில், கோழிகள் அடையும் இடமாகக் கிடந்த ஒரு வில்லீஸ் வண்டியை, பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலான தொகைக்கு வாங்கினேன். எனக்கோ கலைப் பட்டமே உண்டு; இயந்திரவியல் படித்தவனல்லன். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். எங்கள் பகுதி வழக்கப்படி அவரை நாங்கள் 'பாஸ்' என்றே அழைத்தோம். விடுமுறை நாள்களிலும் மாலை வேளைகளிலும் வேலை செய்து, வண்டி மீண்டும் சாலையில் ஓட மூன்று ஆண்டுகள் சென்றன. அவரிடம் கற்றவற்றையும் பின்னர் அனுபவத்தில் தெளிந்தவற்றையுமே இங்கு சுருக்கிக் கூறுகிறேன்.

பழைய வண்டியை வாங்க எண்ணுபவர் முதலிற் பார்க்க வேண்டியது எஞ்சினையன்று. வண்டி முழுவதையும் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தையே பார்த்தல் வேண்டும். எஞ்சினுக்கு மாற்றுண்டு, உக்கிய சட்டத்துக்கு எளிதில் மாற்றில்லை. வட்டவளைப் பக்கத்திலே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. நுவரெலியாவில் மழையில்லாத நாளிலும் மூடுபனி வந்து இரும்பைத் தொடுகிறது. போர்க்கால ஜீப்பின் தளத்தகட்டுக்குக் கீழே, குறுக்காக ஓடும் தகரக் கால்வாய்களுள் மரச்சட்டங்களைச் செருகியிருந்தனர். அம்மரம் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் தகரத்தை உள்ளிருந்து தின்றுவிடும். ஆகவே சிறு சுத்தியலால் எங்கும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். உக்கிய பாகத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்ட வேண்டுமேயன்றி, பட்டி பூசி மறைத்தல் கூடாது. ஒட்டுவேலை தொடங்குமுன் பற்றரியின் தொடர்பை நீக்குங்கள். பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். ஜீப்பில் அத்தாங்கி ஓட்டுநரின் ஆசனத்துக்குக் கீழேயே உள்ளது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே அபாயகரமானது. அதனுள் ஆவி நிறைந்திருக்கும்.

நெடுங்காலம் ஓடாது நின்ற எஞ்சினைப் பற்றரி கொடுத்து உடனே இயக்க முயலுதல் பெருந்தவறு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு உருளையினுள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள்கள் ஊறவிடல் வேண்டும். பின்னர் முன்பக்கத்துச் சுழற்றுக் கம்பியால் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றலாம். தாங்கியில் கிடந்த பழைய பெற்றோல் பிசினாகிக் குழாய்களை அடைத்திருக்கும். தாங்கி, குழாய், பம்பு, காபரேட்டர் ஆகிய நான்கையும் முற்றாகத் துப்புரவு செய்தல் வேண்டும். ஜீப்பின் முதல் எஞ்சினில் வால்வுகள் உருளைகளின் பக்கத்தே, கீழிருந்து மேல் நோக்கி அமைந்தவை. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவை யாவும் கண்முன் நிற்கும். கற்க விரும்புவோர்க்கு இதைவிட எளிய எஞ்சின் வாய்ப்பது அரிது.

தீப்பொறி தரும் அமைப்பும் அவ்வாறே எளியது. அதன் முனைகளுக்கிடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு இடைவெளியும், ஸ்பார்க் பிளக்கில் ஆயிரத்தில் 30 பங்கு இடைவெளியும் இருத்தல் வேண்டும். தீ எழும் வரிசை 1, 3, 4, 2 என்பதாகும். காலையில் வண்டி உயிர் பெறாவிட்டால், நம் பகுதியில் பத்தில் ஒன்பது முறை குற்றவாளி மூடுபனியே. விநியோகக் கிண்ணத்தின் உட்புறத்தையும் கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். போர்க்கால ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ற்று அளவினது. அதே வேலையைச் செய்ய 12 வோல்ற்றைவிட இரு மடங்கு மின்னோட்டம் அதற்கு வேண்டும். எனவே தடித்த கம்பியும், துருப்பிடியாத இணைப்பும் இன்றியமையாதன. விளக்கு மங்குகிறது, எஞ்சின் சோம்பலாகச் சுழல்கிறது என்று பற்றரியைப் பழிப்பதற்கு முன், சட்டத்தோடு பூட்டிய மண்தொடர்புக் கம்பியைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள்.

மலைநாட்டுக்கே உரிய இரண்டு சிக்கல்களை இங்கு விளக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே கொழும்பில் 60 குதிரைவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் ஏறத்தாழ 48 தான் தரும். காற்றுக் குறைகிறது, காபரேட்டரோ பெற்றோலை அதே விகிதத்திற் குறைப்பதில்லை. அதனால் கலவை தடிக்கிறது, புகை கறுக்கிறது, பிளக்கில் கரி படிகிறது. கொழும்பிலே சீராகத் திருத்தி வந்த வண்டி இங்கு இருமுவதற்குக் காரணம் இதுவே. இங்கு ஓடும் வண்டியை இங்கேயே திருத்தல் வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கொதிநிலை. நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் அன்றி, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. நம் வீட்டில் பருப்பு வேகத் தாமதிப்பதும் ஜீப்பின் ரேடியேட்டர் விரைவில் பொங்குவதும் ஒரே விதியின் இரு விளைவுகள். ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறத்தாழ 4 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்குவதாயின், மலையில் இழந்த அவ்வாறு பாகையும் மீண்டும் கிடைத்துவிடும். மூடியின் றப்பர் வளையம் கிழிந்திருந்தால் அப்பாதுகாப்பு இல்லை. சிலநூறு ரூபா வளையம் ஒன்றைப் பொருட்படுத்தாமல் எஞ்சினையே எரித்தவர்கள் உண்டு. ஆற்று நீர், சேற்று நீர் ஊற்றாமல் தூய நீரும் துருத்தடுப்பு மருந்தும் ஊற்றுக. கொதிக்கும்போது மூடியைத் திறப்பது முகத்தை வேகவைக்கும் செயல் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமான பிரேக். நம் பாதைகள் எத்தகையன என்பதை நேயர்கள் அறிவீர்கள். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளையும், கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வளைவுகளையும் எண்ணிப் பாருங்கள். ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழியே உள்ளது. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கிலும் பிரேக் அற்றுப்போகும். கைப் பிரேக்கோ சக்கரத்தைப் பற்றுவதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள சுழல்தண்டையே பற்றுகிறது. அத்தண்டோ அதன் மூட்டோ அறுந்தால் கைப் பிரேக்கும் பயன்படாது. ஆகையால் குழாய்களையும் மூட்டுகளையும் மாதந்தோறும் படுத்துப் பார்த்தல் வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த திரவம் நீண்ட இறக்கத்தில் கொதித்து, மிதி வெறுமையாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை முழுவதும் மாற்றுதல் நலம். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும். அத்தூசியை வாயால் ஊதாமல், காற்றடித்துப் பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மலையை எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பாஸ் எனக்குக் கற்பித்த முதற் பாடம். எஞ்சினே பாதிப் பிரேக் என்று அவர் கூறுவார்.

நான்கு சக்கர உந்துதல் ஜீப்பின் சிறப்பு. ஆயின் அதனைத் தார்ச் சாலையில் பூட்டி ஓட்டுதல் தவறு. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடிய தூரம் ஓட வேண்டியுள்ளன. சேற்றிலே சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேற்றத்தாழ்வைத் தீர்த்துக்கொள்ளும். தாரிலே வழுக்க இயலாமையால் பற்சக்கரங்கள் இறுகித் தேயும். வண்டியின் அடியில் எண்ணெயூட்டும் முலைகள் பல உள்ளன. ஏறத்தாழ 1,000 மைலுக்கு ஒருமுறை அவை யாவற்றுக்கும் கிறீஸ் ஏற்றுதல் வேண்டும். இதனை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடித்துவிடலாம். அச்சிறு உழைப்பே வண்டியின் ஆயுளை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கிறது. போர்க்கால வண்டிக்குச் சுக்கான் இடப்பக்கத்தில் உள்ளது. ஆதலால் முன்செல்லும் லொறியைத் தாண்ட அவசரப்படலாகாது. எதிரே வருவதைக் காணும் கண் அவ்வண்டிக்கு இல்லை.

உதிரிப்பாகங்கள் எங்கு கிடைக்கும் என்று பலர் கேட்பதுண்டு. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளைப் பொறுமையோடு தேடுவோர்க்குப் பல கிடைக்கும். இந்தியாவில் ஜீப் நெடுங்காலம் உற்பத்தியானமையால் அங்கிருந்து வருபவையும் உண்டு. ஆயினும் பழைய பாகத்தைக் கையிற் கொண்டு போய் அளவு ஒப்பிட்டே வாங்குங்கள். ஒரே பெயரில் பல அளவுகள் உள்ளன. கழற்றிய பாகம் எதையும் வேலை முடியும்வரை எறியாதீர்கள். எஞ்சினையே மாற்றினால், அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் திருத்திக்கொள்ளல் வேண்டும். பத்திரம் இல்லாத வண்டி எத்துணை அழகாயினும் வெறும் இரும்பே. வாங்குமுன் சட்டத்தின் இலக்கமும் பத்திரத்தின் இலக்கமும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பது அறிவுடைமை.

இத்துணை உழைப்பு எதற்காக என்னும் வினா இப்போது எழும். எனக்கும் அவ்வினா ஒருநாள் வாயிலில் வந்து நின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அப்போது கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, என் ஜீப்பை விடுதியொன்றின் முற்றத்தில் அலங்காரமாக நிறுத்துவதற்குக் கேட்டார். அவர் சொன்ன தொகை என் பல மாதச் சம்பளத்துக்கு ஈடானது. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மகளும், ஒழுகும் கூரையும் உள்ள வீட்டில் அத்தொகை சிறிதன்று. என் மனைவி அன்றிரவு, "விற்றால் கூரை வேயலாம், விற்காவிட்டால் காரணம் சொல்லுங்கள்" என்றாள். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் சென்றது.

அவ்வண்டி எங்களுக்குச் சில நற்பணிகளைச் செய்திருந்தது உண்மையே. ஒரு மழைக்காலத்தில் மண்சரிவால் பெருஞ்சாலை மூடப்பட்டபோது, பிரசவ வேதனையுற்ற ஒரு தாயைத் தேயிலை மலைக்குள்ளால் செல்லும் பழைய பாதையில் அதுவே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் அதனை மட்டும் காரணமாகக் காட்டினால் அது முழு உண்மையாகாது. அவசரத்துக்கு வேறு வண்டிகளும் இன்று உண்டு.

நான் கண்ட காரணம் வேறு. அந்த வண்டி வெளியேறினால் பாஸ் என் முற்றத்துக்கு வர வேண்டிய தேவை இல்லை. அவர் வராவிட்டால், அவரைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளும் வர மாட்டார்கள். அவ்வாண்டுகளில் என் பழைய மாணவர் நால்வர் அங்கு வந்து போயினர். வகுப்பறையில் அழுத்தம், கொதிநிலை, மின்னோட்டம் என்று கரும்பலகையில் எழுதியபோது மனனம் செய்த பிள்ளைகளே, ரேடியேட்டர் மூடியைக் கையிற் பிடித்தபோது அதன் பொருளை உணர்ந்தனர். பரீட்சையில் தோற்றதனால் தம்மை அறிவிலிகள் என்றெண்ணித் தலைகுனிந்து திரிந்த ஒருவன், கிளட்ச் தகட்டைத் தானே பூட்டி வண்டியை நகர்த்திய அன்று நிமிர்ந்து நின்றான். இன்று அவன் நகரமொன்றில் சொந்தக் கராஜ் வைத்திருக்கிறான். மற்றொருவன் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றான். எஞ்சிய இருவரும் வேறு தொழிலுக்குப் போயினர். ஆயினும் ஒரு பொருள் பழுதானால் அதனை அஞ்சாமல் திறந்து பார்க்கும் பழக்கம் அவர்களிடம் நிலைத்திருக்கிறது.

இதனை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே இசையவில்லை. "பிள்ளைகள் கற்பது நல்லது, நம் பிள்ளை நனைவது நல்லதன்று" என்றாள். இறுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வண்டிக்கென அவ்வாண்டு ஒதுக்கியிருந்த சாயப்பூச்சுப் பணமும், மேலும் ஒரு சிறு கடனும் கூரைக்குச் சென்றன. ஆகவே எங்கள் ஜீப் இன்றளவும் மங்கிய பச்சை நிறத்தில், ஒட்டுப் போட்ட தகரத்தோடுதான் ஓடுகிறது. கண்காட்சிக்கு அது உகந்ததன்று. பிரேக்கும் சுக்கானும் மட்டும் குறைவின்றி உள்ளன. பழைய வண்டியை வைத்திருப்போர்க்கு இவ்வொழுங்கையே நான் பரிந்துரைப்பேன்: உயிர் காக்கும் பாகங்களுக்கு முதற்பணம், ஓட வைக்கும் பாகங்களுக்கு அடுத்த பணம், அழகுக்கு எஞ்சிய பணம், குடும்பத்துக்கு வேண்டிய பணத்தில் எப்போதும் கை வைக்கலாகாது.

பழைய வண்டி அன்பர்களிடையே ஒரு வாதம் உண்டு. தொடக்கத்தில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, ஓர் ஆணியும் மாறாமல் பேண வேண்டும் என்பர் ஒரு சாரார். ஓடுவதற்கு ஏற்றவாறு மாற்றலாம் என்பர் மற்றொரு சாரார். அரும்பொருட்சாலைக்குரிய வண்டிக்கு முதற்கட்சி பொருந்தும். தோட்டத்தில் உழைத்த வண்டிக்கு அதன் ஒட்டுகளும் வரலாறே என்பது என் கருத்து. என் ஜீப்பின் பின்கதவுப் பூட்டு, தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பழைய இரும்பிலிருந்து எவரோ செய்து பூட்டியது. அமெரிக்கத் தொழிற்சாலைப் பூட்டு இப்போது விலைக்குக் கிடைப்பினும் அதனை நான் மாற்றேன். பெயர் தெரியாத ஒரு பிட்டரின் கையெழுத்து அது.

பாஸுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். கண்ணொளி குன்றிவிட்டது. எஞ்சினின் ஒலியைக் கேட்டு எந்த வால்வு இறுகியுள்ளது என்று சொல்லும் செவி மட்டும் குன்றவில்லை. அவர் சொல்வதை மாணவனொருவன் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருகிறான். எந்த ஆணிக்கு எந்தச் சாவி, எந்தக் குறைக்கு எந்த ஒலி, எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்று இதுவரை இரண்டு குறிப்பேடுகள் நிறைந்துள்ளன. முன்னொரு காலத்தில் கப்பலேறிப் போன அறிவில் ஒரு சிறு பங்கேனும் இவ்வாறு கரையில் நிற்கிறது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் தோட்டத்திலும் இத்தகைய முதியவர்கள் இருக்கக் கூடும். பட்டறையில் நின்ற பிட்டர், லொறி ஓட்டியவர், ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவர் என எவரேனும் ஒருவர் இருப்பார். உங்களிடம் பழைய ஜீப் இல்லாமற் போகலாம். பழைய தையல் இயந்திரமோ, தண்ணீர்ப் பம்போ, வானொலிப் பெட்டியோ இருக்கும். அதனை எறிந்துவிடுமுன் அவரை அழையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்து வையுங்கள். அவ்வேலை பாதியில் நின்றாலும் அவர் சொன்னவை எழுத்தில் இருக்கும்.